ராக் கான்சர்ட்: மறக்க முடியாததும் மறக்க விரும்புவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ராக் நிகழ்ச்சிகளுக்குப் போக ஆரம்பித்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் அன்றிரவே டிக்கெட்டின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பேன். அந்த டப்பாவைத் திறந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் கேட்பது ஒரே மாதிரியான கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

இதுவரை பார்த்ததுலயே பெஸ்ட் எது? ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா?

யோசிக்கவே வேண்டாம். இருநூறு பேர்கூட நிற்க முடியாத ஒரு சிறிய அரங்கம். மேடை என் இடுப்பு உயரம். குழுவின் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. நான்காவது பாட்டின் நடுவில் கிட்டார் வாசித்தவருக்குத் தந்தி அறுந்தது. கையில் வேறு கிட்டார் இல்லை. மேடை ஓரத்தில் மண்டியிட்டு, அறுந்ததை உருவிப் போட்டுவிட்டுப் புதுத் தந்தியைக் கோக்க ஆரம்பித்தார். பாட்டு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேஸ் கிட்டார் வாசித்தவர் நிறுத்தவில்லை. அதே நாலு ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தார். டிரம்மர் பெரிய அடிகளையெல்லாம் விட்டுவிட்டு, ஸ்னேர் என்ற சின்ன டிரம்மின் விளிம்பில் குச்சியால் 'டக், டக்' என்று மட்டும் தட்டினார்.

கிட்டார்காரரின் கை எனக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. புதுத் தந்தியின் மிச்ச நுனி சுருண்டு, கிட்டாரின் தலையில் நீட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்ட அவருக்கு நேரம் இல்லை. காலடியில் இருந்த, சுதி சரிபார்க்கும் டியூனர் பெட்டியில் சிவப்பு விளக்கு. அவர் முறுக்க முறுக்க அந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு நகர்ந்தது. முன்னால் நின்ற எங்கள் எல்லோர் கண்ணும் அதன் மேல்தான். விளக்கு பச்சையானதும் நாங்கள் போட்ட கூச்சலுக்குக் காரணம் தெரியாமலேயே பின்னால் இருந்தவர்களும் கத்தினார்கள். அவர் எழுந்து, விட்ட இடத்தில் சரியாக நுழைந்தார். அதற்குப் பிறகு எவ்வளவோ பெரிய நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டேன். இதற்கு ஈடாக ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

சரி, மோசமானது எது?

பள்ளி நாட்களிலிருந்து நான் உயிராக நினைத்த ஒரு குழு. பெரிய திறந்தவெளி மைதானம். முன்னால் போக வேண்டும் என்ற ஆசையில் மாலையிலேயே போய், மேடைக்கு இடப்பக்கம், அடுக்கி வைத்த ஸ்பீக்கர்களின் காலடியில் இடம் பிடித்தேன். குழு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. யாரும் ஒரு வார்த்தை அறிவிக்கவில்லை. வந்த பிறகும் எனக்குக் கேட்டது 'தொம் தொம்' என்ற பேஸ் மட்டும்தான். எந்தப் பாட்டு ஓடுகிறது என்பதையே பாடகரின் வாயசைவை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒன்ஸ்மோர் என்று கத்தினோம், மேடையில் வயர் சுருட்ட ஆட்கள் வந்தார்கள்.

டிக்கெட்டின் பின்னால் அன்று எழுதியது ஒரே வரி: 'வீட்டிலேயே இருந்திருக்கலாம்.' ஆனால் அந்த ராத்திரி கெட்டதில் நான் நின்ற இடத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்பது சில வருடம் கழித்துத்தான் புரிந்தது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

யூடியூப்லயே நல்லா கேக்குதே. நேர்ல போய் நின்னு என்ன புதுசா கிடைக்கப் போகுது?

முதலில், உடம்பு. டிரம்மர் காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் ஒலியைப் போனிலும் ஹெட்போனிலும் காது மட்டும்தான் கேட்கும். நேரில் அது நெஞ்சுக்கூட்டில் இறங்கும், கால்சட்டைத் துணி நடுங்கும். தாழ்ந்த ஒலிகளை எழுப்ப அவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும், அதைச் சின்ன ஸ்பீக்கரால் செய்ய முடியாது.

இன்னொன்று, அன்று நடப்பது அன்றைக்கு மட்டும்தான். முதல் பதிலில் சொன்ன தந்தி அறுந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவில் அது நடந்திருந்தால் பதிவை நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்திருப்பார்கள்.

பெரிய பேண்டுன்னா கான்சர்ட்டும் பிரமாதமா இருக்கும்தானே?

இல்லை. இதற்கு 1985 ஜூலை 13-ஐவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் நடந்த லைவ் எய்ட். லண்டன் வெம்ப்ளி அரங்கில் குவீன் குழுவுக்குக் கிடைத்தது சுமார் 21 நிமிடம். அவ்வளவு குறைந்த நேரத்தில் எதைப் பாடுவது, எதை வெட்டுவது என்று முன்கூட்டியே நாள் ஒதுக்கி ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார்கள். பாடகர் ஃப்ரெடி மெர்குரி ஒற்றைக் குரலால் அத்தனை பெரிய கூட்டத்தையும் திருப்பிப் பாட வைத்ததை இன்றும் பேசுகிறார்கள்.

அதே நாள் ஃபிலடெல்ஃபியாவில் லெட் செப்பலின் குழுவினர் பல வருடம் கழித்து மேடையில் ஒன்றுசேர்ந்தார்கள். அவர்கள் எவ்வளவு பெரியவர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அன்று ஒத்திகை போதவில்லை. இறந்துபோன ஜான் போனமின் இடத்தில் இரண்டு டிரம்மர்கள், பாடகர் ராபர்ட் பிளாண்டுக்குத் தொண்டை கட்டியிருந்தது, ஜிம்மி பேஜின் கிட்டார் சுதி சேரவில்லை. 2004-இல் லைவ் எய்ட் டிவிடி வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்கவே அவர்கள் சம்மதிக்கவில்லை. பெயர் டிக்கெட்டை விற்கும். மேடையில் கைகொடுப்பது ஒத்திகைதான்.

எங்க நின்னா நல்லா கேக்கும்? முன்னாடிதானே?

முகம் பார்க்க வேண்டுமா, முன்னால் போங்கள். பாட்டு கேட்க வேண்டுமா, ஒலியைக் கலக்குகிற மிக்ஸர் மேசை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்குப் பக்கத்தில் நில்லுங்கள். பெரும்பாலும் மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்தின் நடுவிலோ கொஞ்சம் பின்னாலோ ஒரு தடுப்புக்குள் இருக்கும். சவுண்ட் இன்ஜினியர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அவர் கேட்பதை நீங்களும் கேட்பீர்கள்.

மேடையை ஒட்டி நிற்பவர்களின் தலைக்கு மேலே பெரிய ஸ்பீக்கர்களின் ஒலி தாண்டிப் போய்விடும். ஓரத்தில் நின்றால் ஒரு பக்கத்து ஒலி மட்டும்தான் வரும், பேஸ் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். ரொம்பப் பின்னால் போனால் வேறு சிக்கல். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம் குச்சி இறங்குவது முதலில் தெரியும், ஓசை கிட்டத்தட்ட 0.3 நொடி கழித்து வரும். பெரிய மைதானங்களில் நடுவே கோபுரம் மாதிரி நிற்கும் ஸ்பீக்கர்கள் இதற்காகத்தான். மேடையிலிருந்து வரும் ஒலியோடு சேரும்படி அவற்றின் ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி விடுவார்கள்.

வெறும் இரைச்சல்தான் கேட்டுச்சு. தப்பு பேண்ட் மேலயா, சவுண்ட் மேலயா?

குறை சொல்வதற்கு முன்னால் இருபது முப்பது அடி நகர்ந்து பாருங்கள். நகர்ந்ததும் தெளிவானால் இடம்தான் காரணம். எங்கே போனாலும் டிரம்மும் கிட்டாரும் தெளிவாக இருந்து குரல் மட்டும் மூழ்கினால் ஒலிக்கலவையில் கோளாறு. காலி அரங்கில் சரிபார்த்த ஒலி, ஆட்கள் நிரம்பியதும் மாறிவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று பாட்டுக்குள் சரிசெய்துவிடுவார்கள். எல்லாமே குழம்பிக் கேட்டால் கட்டடம்தான் காரணம். விளையாட்டுக்காகக் கட்டிய உள்ளரங்குகளில் கான்கிரீட்டில் பட்டு ஒலி திரும்பத் திரும்ப வரும். அங்கே மெதுவான பாட்டுகள் தப்பிக்கும், வேகமானவை கூழாகிவிடும்.

ஒலி கைவிட்டால் எவ்வளவு பெரியவர்களும் தோற்றுவிடுவார்கள். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷேய் ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியபோது 55,600 பேர் வந்திருந்தார்கள். பாட்டை ஒலிபரப்ப பேஸ்பால் ஆட்ட அறிவிப்புக்கு வைத்திருந்த ஸ்பீக்கர்களையும் நம்ப வேண்டியிருந்தது. கூட்டம் போட்ட கூச்சலில் மேடையில் இருந்தவர்களுக்கே தாங்கள் வாசிப்பது கேட்கவில்லை. டிரம்மர் ரிங்கோ ஸ்டார் மற்ற மூவரின் உடல் அசைவைப் பார்த்துத் தாளம் பிடித்ததாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் ஆகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் நிகழ்ச்சிக்குப் பிறகு அவர்கள் சுற்றுப்பயணத்தையே விட்டுவிட்டார்கள். அன்று ஷேயில் இருந்தவர்களைக் கேட்டால் வாழ்நாளின் சிறந்த இரவு என்பார்கள், ஒரு பாட்டுகூட ஒழுங்காகக் கேட்காமலேயே. அதையும் நான் மதிக்கிறேன்.

ரெண்டு நாளா காது 'கொய்ங்'னு இருக்கு. கான்சர்ட் போனா இது சகஜம்தானே?

பலருக்கும் வருகிறது என்பதால் அது சரியாகிவிடாது. காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள் அடி வாங்கியதன் அடையாளம் அது. அவை செத்தால் திரும்ப முளைக்காது. கணக்கு இப்படி: 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ராக் நிகழ்ச்சிகள் சாதாரணமாக அந்த அளவைத் தொடுகின்றன, பல நேரம் தாண்டியும் விடுகின்றன. அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறை கொடுத்திருக்கிறது.

இயர்பிளக் போடுங்கள். இசைக்கென்றே செய்தவை கிடைக்கின்றன. பஞ்சு வைத்தால் உயர்ந்த ஒலிகள் மட்டும் மங்கி பாட்டு கெட்டுவிடும். இசைக்கான இயர்பிளக்குகள் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். குரல் இன்னும் தெளிவாகக்கூடக் கேட்கும். 'தி ஹூ' குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தன் காது கெட்டதையும் ஓயாத இரைச்சலையும் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். எனக்கு இரண்டாவது பதிலில் சொன்ன ராத்திரிக்குப் பிறகு மூன்று நாள் இருந்தது, அன்றிலிருந்து இயர்பிளக் இல்லாமல் போவதில்லை. உங்களுக்கு இரண்டு நாள் ஆகியும் நிற்கவில்லை என்றால் காது மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

லேட்டா வந்தா, பாதியில போயிட்டா மன்னிக்கலாமா?

காரணத்தைப் பொறுத்தது, அதைவிட அந்தக் காரணத்தை எங்களிடம் சொன்னார்களா என்பதைப் பொறுத்தது. 1992 ஆகஸ்ட் 8 அன்று மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் மெட்டாலிகாவும் கன்ஸ் அண்ட் ரோஸஸும் ஒரே மேடையில். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மேடையில் பீறிட்ட தீயில் சிக்கி, இடது கையில் மோசமான தீக்காயம். நிகழ்ச்சியை நிறுத்தினார்கள், யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அடுத்து வர வேண்டியவர்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து வந்து, அவர்களும் சீக்கிரமே முடித்துக்கொண்டார்கள். பாடகர் ஆக்ஸல் ரோஸின் தொண்டை ஒத்துழைக்கவில்லை. கூட்டம் கலவரத்தில் இறங்கியது. கலவரத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மணிக்கணக்கில் ஒரு தகவலும் இல்லாமல் நிற்பவர்களின் மனநிலை எனக்குத் தெரியும்.

மழை வந்தா அவ்ளோதானா?

இல்லவே இல்லை. நனைந்துகொண்டு நின்ற கூட்டம் கலையாமல் இருந்தால், குழு அதற்குக் கடன்பட்டதுபோல் வாசிக்கும். 1983 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் டென்வருக்கு அருகே ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கில் நாள் முழுக்க மழை, இருக்கைகளில் பாதிகூட நிரம்பவில்லை. யூ2 ரத்து செய்யாமல் பாடியது. தூறலும் பனிமூட்டமும் தீப்பந்த வெளிச்சமுமாக எடுத்த அந்தப் படம்தான் அவர்களை உலகமெங்கும் கொண்டுபோனது. ஆனால் இடி மின்னல் வேறு விஷயம். உலோகச் சட்டங்கள் நிறைந்த மேடைப் பக்கம் மின்னலில் யாரும் நிற்கக் கூடாது. ரத்து செய்தால் கோபப்படாதீர்கள்.

நெரிசல்ல மாட்டி மூச்சே முட்டிப் போச்சு. அதை 'மோசமான கான்சர்ட்' லிஸ்ட்ல போடலாமா?

போடாதீர்கள். அதை வேறு பட்டியலில் வையுங்கள். சவுண்ட் சரியில்லை, பாடகர் சுரத்தில்லாமல் பாடினார் என்பதெல்லாம் ஏமாற்றம். உயிருக்கு ஆபத்து வந்தது ஏமாற்றம் அல்ல. 1979 டிசம்பர் 3 அன்று சின்சினாட்டியில் 'தி ஹூ' நிகழ்ச்சிக்கு முன், முந்துகிறவருக்கே இடம் என்று விற்ற டிக்கெட்டுகளோடு வந்த கூட்டம், திறந்திருந்த சில கதவுகளை நோக்கி நெருக்கியதில் 11 பேர் இறந்தார்கள். உள்ளே கச்சேரி முடியும்வரை குழுவுக்கு அது தெரியாது. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில் பேர்ல் ஜாம் குழு வாசிக்கும்போது மேடைக்கு முன்னால் ஏற்பட்ட நெரிசலில் 9 பேர் இறந்தார்கள். இவற்றில் பெரும்பாலும் உயிர் போவது மிதிபட்டு அல்ல, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுதான்.

எனக்கும் ஒருமுறை நடந்தது. முன்னால் தடுப்பு வேலி, பின்னாலிருந்து அலை மாதிரி தள்ளல். ஒரு கட்டத்தில் என் பாதம் தரையில் படவில்லை என்று உணர்ந்தேன். கத்தக்கூட மூச்சு வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த காவலரின் தோளைத் தட்டினார். இரண்டு பேர் என்னை அக்குளில் பிடித்துத் தூக்கி வெளியே எடுத்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. நன்றி சொல்லவும் முடியவில்லை.

அன்று கற்றது இதுதான். இரண்டு கைகளையும் குத்துச்சண்டைக்காரர் மாதிரி மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள், மூச்சுக்கு இடம் கிடைக்கும். அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அது தளரும்போது குறுக்குவாட்டில் ஓரத்தை நோக்கி நகருங்கள். கீழே விழுந்த எதற்காகவும் குனியாதீர்கள். பக்கத்தில் யாராவது விழுந்தால் முதலில் அவரைத் தூக்குங்கள். அப்புறம், உள்ளே நுழைந்ததும் வந்த வழியைத் தவிர இன்னொரு வெளியேறும் வழி எங்கே என்று பாருங்கள். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் வெஸ்ட் வார்விக்கில் ஒரு கிளப்பில் மேடை வாணவேடிக்கையிலிருந்து தீப்பிடித்து 100 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தாங்கள் வந்த முன்வாசலை நோக்கியே ஓடி, அங்கே அடைத்துக்கொண்டார்கள்.

வுட்ஸ்டாக் சொர்க்கம், ஆல்டமாண்ட் நரகம்னு சொல்றாங்களே, நிஜமாவா?

வுட்ஸ்டாக் என்பது அமெரிக்காவில் நடந்த திறந்தவெளி இசை விழா, 1969 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. நாலு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள் என்பது வழக்கமான கணக்கு. வேலியை முடிக்க நேரமில்லாமல் இலவசமாகவே ஆகிவிட்டது. சாப்பாடு போதவில்லை, மழையில் நிலம் சேறானது. மூன்று நாள் நிகழ்ச்சி நாலாவது நாளுக்கு இழுத்தது. கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடையேறியபோது திங்கட்கிழமை காலை, கூட்டத்தில் பெரும்பகுதி கிளம்பிப் போயிருந்தது. எல்லோரும் பேசும் அந்த வாசிப்பை அங்கே வந்தவர்களில் பலர் பார்க்கவில்லை.

ஆல்டமாண்ட், கலிஃபோர்னியாவில் நடந்த இலவச ராக் நிகழ்ச்சி, அதே வருடம் டிசம்பர் 6. கடைசி நேரத்தில் இடம் மாற்றினார்கள், மேடை மிகத் தாழ்வு, பாதுகாப்புக்கு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் கும்பல். ரோலிங் ஸ்டோன்ஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மெரிடித் ஹண்டர் என்ற 18 வயது இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். விபத்துகளில் இன்னும் 3 பேர் இறந்தார்கள். ஆனால் வெகு தொலைவில் பின்னால் இருந்த பலருக்கு முன்னால் நடந்தது அப்போது தெரியாது. ஒரே நிகழ்ச்சிக்குள் பல நிகழ்ச்சிகள் நடக்கின்றன. 'நீ எங்கே நின்றாய்?' என்று கேட்காமல் யாருடைய கான்சர்ட் நினைவையும் எடை போட முடியாது.

மேடையில தப்பு பண்ணா அது மோசமான நிகழ்ச்சிதானே?

முதல் பதிலைப் படித்தவர்களுக்கு என் கட்சி எது என்று தெரியும். இன்னொன்று சொல்கிறேன். 1973 நவம்பர் 20, சான் பிரான்சிஸ்கோ அருகே கௌ பேலஸ் அரங்கம். 'தி ஹூ' குழுவின் டிரம்மர் கீத் மூன் போதையில் டிரம்ஸ் மேலேயே சரிந்தார், எழுப்பினார்கள், மறுபடியும் சரிந்தார். பீட் டவுன்ஷெண்ட் கூட்டத்தைப் பார்த்து யாருக்காவது டிரம்ஸ் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். ஸ்காட் ஹால்பின் என்ற 19 வயது ரசிகர் மேடையேறிக் கடைசிப் பாட்டுகளை வாசித்து முடித்தார். ஒரு டிரம்மர் மயங்கி விழுந்தது நல்ல செய்தி அல்ல, அது வருத்தமான விஷயம். ஆனாலும் அன்று அங்கே இருந்தவர்கள் பார்த்ததை வேறு யாரும் பார்க்கவில்லை.

தப்பை நான் மன்னிப்பேன். அக்கறை இல்லாமையை மன்னிக்க மாட்டேன். தப்பு செய்தவர் அதைச் சரிசெய்யப் போராடும்போது நாமும் கூடவே போராடுவோம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசிப்பவரோடு எதைச் சேர்ந்து செய்வது?

'நான் அங்க இருந்தேன்'னு சொல்றவங்க எல்லாரும் நிஜமா இருந்தாங்களா?

கணக்கு உதைக்கும். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு வாசித்தபோது வந்தவர்கள் சுமார் 40 பேர்தான். அதில் பீட்டர் ஹுக், பெர்னார்ட் சம்னர், மோரிஸ்ஸி போன்றவர்கள் பிறகு தங்கள் குழுக்களால் புகழ் பெற்றதால் அந்த மாலை ஒரு புராணமாகிவிட்டது. நானும் போயிருந்தேன் என்று சொன்னவர்களை எண்ணினால் அரங்கம் பல மடங்கு பெரிதாக வேண்டும்.

எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. இடத்தின் பெயர்கூட மாறிப் போகும். 1966 மே 17 அன்று, நாட்டுப்புறப் பாணிப் பாடகராகப் பெயர் பெற்ற பாப் டிலன் மின் கிட்டாரோடு நின்றபோது கூட்டத்திலிருந்து ஒருவர் 'யூதாஸ்!' (துரோகி) என்று கத்தினார். அது நடந்ததும் இதே மான்செஸ்டரில், ஃப்ரீ டிரேட் ஹாலில்தான். ஆனால் திருட்டுத்தனமாகப் பரவிய பதிவில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் என்று தவறாகப் போட்டிருந்ததால் பல வருடம் உலகமே அப்படி நம்பியது. கத்தியவருக்கு அது வாழ்நாளின் மோசமான கச்சேரியாக இருந்திருக்கலாம். 1998-இல் முறையாக வெளியான பிறகு கேட்ட என்னைப் போன்றவர்களுக்கு அது பொக்கிஷம்.

நானும் ஃப்ரெண்டும் ஒண்ணாதான் போனோம். அவன் ஒரு கதை சொல்றான், நான் ஒரு கதை சொல்றேன். யார் சொல்றது சரி?

இருவருமே தவறாக இருக்கலாம். பல வருடமாக நான் ஒரு கான்சர்ட்டை 'அந்த மழை ராத்திரி' என்றுதான் சொல்லி வந்தேன். கடைசிப் பாட்டில் மழை கொட்டியது, யாரும் நகரவில்லை என்று விவரமாகச் சொல்வேன். ஒருநாள் டப்பாவைத் துழாவியபோது அந்த டிக்கெட் கிடைத்தது. பின்னால் என் கையெழுத்தில்: 'மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.' மழை பெய்தது இன்னொரு வருடம், இன்னொரு குழு. மனசு இரண்டையும் தைத்து ஒன்றாக்கிவிட்டது.

எதை வைத்து நல்லது கெட்டது என்று முடிவு செய்கிறோம் என்பதற்கு உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. 14 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கையை வைப்பது ஒன்று. அதே ஒரு நிமிடத்தோடு, நீரின் குளிர் லேசாகக் குறையும் இன்னொரு அரை நிமிடமும் சேர்வது இன்னொன்று. எதைத் திரும்பச் செய்யலாம் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள், வேதனை கூடுதல் நேரம் இருந்தும். உச்சக்கட்டமும் முடிவும்தான் நினைவில் நிற்கின்றன, மொத்த நேரம் நிற்பதில்லை. உங்கள் நண்பர் கடைசிப் பாட்டுக்கு முன் கிளம்பியிருந்தால் அவருடைய கதை வேறாகத்தான் இருக்கும்.

சின்ன வயசுல பார்த்ததுதான் பெஸ்ட்டா தெரியுது. இப்ப உள்ள பேண்டுங்க சரியில்லையா, எனக்கு வயசாயிடுச்சா?

இப்போது உள்ள குழுக்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. சுமார் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை மற்ற காலத்தைவிட அதிகமாகவும் தெளிவாகவும் நினைவில் நிற்கும் என்பது உளவியலாளர்கள் பலமுறை கண்டது. அந்த வயதில் எல்லாமே முதல்முறை. முதல் கான்சர்ட்டில் விளக்கு அணைந்த நொடியில் வயிற்றில் ஏற்பட்டது நாற்பதாவது கான்சர்ட்டில் வராது. அதற்குக் குழு என்ன செய்யும்?

எனக்கு உதவிய ஒரு வழி, ஒரு பாட்டுகூடக் கேட்டிராத குழுவைப் பார்க்கப் போவது.

போன்ல எடுக்கலாமா, கூடாதா?

ஒரு பாட்டு எடுங்கள், அப்புறம் பையில் வையுங்கள். உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருட்களைப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவிருந்தது. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு விட்டுவிடுகிறது. தவிர, நீங்கள் தூக்கிப் பிடிக்கும் திரையைத்தான் பின்னால் நிற்பவர் இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும்.

பதிவுகளுக்கு எதிரி அல்ல நான். கிரேட்ஃபுல் டெட் குழு 1984-இல் ரசிகர்கள் பதிவு செய்வதற்கென்றே மிக்ஸர் மேசைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கியது. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் வாசித்தது இவ்வளவு பேருக்குப் பிடித்திருப்பதற்கு, கைமாறி வந்த ஒலிநாடாக்கள்தான் காரணம். ஆனால் பதிவு செய்த அந்த ரசிகர்கள் மைக்கை நட்டுவிட்டு ஆடப் போனார்கள்.

நினைவுல வைக்க என்னதான் எழுதணும்?

அன்றிரவே எழுதுங்கள், காலையில் பாதி போய்விடும். பாட்டு வரிசை இணையத்தில் கிடைத்துவிடும், அதற்கு மெனக்கெட வேண்டாம். எங்கே நின்றீர்கள், பக்கத்தில் யார், எது உங்களைச் சிலிர்க்க வைத்தது, எது எரிச்சலூட்டியது, வெளியே வரும்போது எந்த மெட்டு வாயில் இருந்தது. மழை பெய்ததா என்பதையும்.

மோசமா பண்ண பேண்டை மறுபடியும் போய் பார்க்கலாமா?

நான் போனேன். இரண்டாவது பதிலில் சொன்ன அதே குழுதான். நாலு வருடம் கழித்து மறுபடியும் வந்தார்கள். அந்தப் பழைய டிக்கெட்டை எடுத்து ஒருமுறை படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். இந்த முறை முன்னால் ஓடவில்லை. இயர்பிளக்கை மாட்டிக்கொண்டு மிக்ஸர் மேசையின் தடுப்பில் சாய்ந்து நின்றேன். பதினைந்து நிமிடம் தாமதம், வந்ததும் பாடகர் மன்னிப்புக் கேட்டார். முதல்முறை வாயசைவை வைத்துக் கண்டுபிடித்த பாட்டு ஆறாவதாக வந்தது. இரண்டாவது சரணத்தில் டிரம்ஸ் நின்று குரல் மட்டும் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சொல்லும் கேட்டது, வரிக்கு வரி நடுவில் அவர் மூச்சு இழுத்ததுகூட.